சூட் சலுகை எந்தத் தேதிக்குச் சொந்தம்? கடலூர்க் குடும்பத்தின் க்ரூஸ் புக்கிங் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மஞ்சக்குப்பத்துக் குடும்பம். கணவன், மனைவி, 14 வயது மகள், கணவனின் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி. ஆறு பேருக்கு மூன்று அறை, சிங்கப்பூரிலிருந்து 4 இரவு க்ரூஸ் (சொகுசுக் கப்பல்) பயணம். பத்து மாதம் முன்பே புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் மூலம் புக்கிங் போட்டு, முன்பணமும் கட்டியாகிவிட்டது. அன்று கையில் கொடுத்த சலுகைப் பட்டியல் ஒன்று. கப்பல் ஏறிய அன்று நடைமுறையில் இருந்த பட்டியல் வேறு.

இது ஒரே ஒரு புக்கிங்கின் கதையல்ல. சூட் (கப்பலின் பெரிய, விலை கூடிய அறை) எடுப்பவர்களுக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரு குடும்பத்தின் கணக்காகக் கோத்திருக்கிறோம். ரூபாய்த் தொகைகள் கணக்கு புரிவதற்காக முழு எண்ணாக்கப்பட்டவை. இந்தக் குடும்பம் போன க்ரூஸ் நிறுவனத்தின் பெயரும் ஏஜென்ட்டின் பெயரும் இங்கே வராது. பெயர் சொல்லிக் குறிப்பிடும் மற்ற நிறுவனங்களின் விதிகள் எல்லாம் பொதுவில் அறிவிக்கப்பட்டவை.

யார் எந்த அறையில், எதை நம்பி

கணவன், மனைவி, மகள் மூவருக்கும் ஒரு சூட். பக்கத்திலேயே தாத்தா, பாட்டிக்கு ஒரு பால்கனி அறை. மாமாவுக்குத் தனியாக இன்னொரு பால்கனி அறை. ஒற்றை ஆள் என்பதால் அவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மாமா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பாரிஸ் பக்கம் இருக்கிறார். அதே க்ரூஸ் நிறுவனத்தின் கப்பல்களில் ஐரோப்பாவில் பல முறை போய்வந்து, லாயல்டித் திட்டத்தில் (திரும்பத் திரும்ப வருபவருக்குப் புள்ளியும் சலுகையும் தரும் திட்டம்) மேல்படிக்கு வந்தவர்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இரண்டே வரி: "சார், சூட் எடுத்தா ஃபேமிலி எல்லாரும் அந்த ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்லயே ஒண்ணா சாப்பிடலாம். அங்கிள் மெம்பர், லவுஞ்சும் எல்லாருக்கும் கிடைக்கும்." குடும்பம் சூட்டுக்கு ஒப்புக்கொண்டது இந்த இரண்டு வரிக்காகத்தான். இரண்டுமே தவறு. அதிலும் முதல் வரி, புக்கிங் போட்ட அன்றைக்கே தவறு. பின்னால் வந்த எந்த மாற்றத்துக்கும் அதில் பங்கில்லை.

சூட் சலுகை அந்த சூட்டில் பெயர் பதிவான ஆட்களுக்கு மட்டும்தான். பக்கத்து பால்கனி அறையில் இருப்பவர் பெற்ற தாயாக இருந்தாலும் சூட் ரெஸ்டாரன்ட் வாசலில் அறை அட்டையைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில கப்பல்களில் இடம் இருந்தால் விருந்தாளியாக ஒரு வேளை விடுவார்கள். அது அந்த வாசலில் நிற்பவரின் தயவு, உரிமை இல்லை.

மாறியது என்ன, ஏன்

பயணத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நிறுவனம் இரண்டு மாற்றங்களை அறிவித்தது. கீழ்வகை சூட்களுக்கு மதியமும் இரவும் திறந்திருந்த தனி ரெஸ்டாரன்ட் இனி இரவு உணவுக்கு மட்டும். மேல்படி உறுப்பினர்களுக்கு மாலையில் லவுஞ்சில் கொடுத்த இலவசப் பானங்களுக்குப் பதிலாக, அறை அட்டையில் நாளுக்கு இத்தனை என்று வவுச்சர் ஏற்றப்படும். அன்றைய வவுச்சர் அன்றோடு காலாவதி. இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது.

இது இந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் நிறுவனத்தின் கிரவுன் அண்ட் ஆங்கர் லாயல்டித் திட்டத்தில் டயமண்ட் உறுப்பினருக்கு நாளுக்கு 4, டயமண்ட் பிளஸ்ஸுக்கு 5, பினக்கிள் கிளப்புக்கு 6 என்று வவுச்சர் முறைதான் இருக்கிறது. காரணம் எளிது. லவுஞ்சின் அளவு கப்பல் கட்டும்போதே இரும்பில் முடிவாகிவிடுகிறது. உறுப்பினர் எண்ணிக்கையோ வருடா வருடம் கூடுகிறது, ஒரு முறை ஏறிய படியிலிருந்து பெரும்பாலான திட்டங்களில் யாரும் இறங்குவதும் இல்லை. நாற்பது நாற்காலி உள்ள இடத்துக்கு முந்நூறு பேர் வந்தால், நாற்காலியைக் கூட்ட முடியாத நிறுவனம் சலுகையை லவுஞ்சுக்கு வெளியே தள்ளும். வவுச்சர் என்பது அந்தத் தள்ளல்தான். கூட்டத்தை வெறுப்பவருக்கு இது லாபம்கூட: எந்த பாரிலும் எந்த நேரத்திலும் வாங்கலாம், பல கப்பல்களில் காபிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் செல்லும். மதுவுக்கு மட்டும் என்று நினைத்து மாமா முதல் நாள் வவுச்சர்களை வீணாக்கிவிட்டார்.

சூட் ரெஸ்டாரன்ட் கதையும் அதே இட நெருக்கடிதான். புதிய கப்பல்களில் சூட் எண்ணிக்கை கூடுகிறது, 'சூட்' என்ற சொல்லுக்குள் வரும் அறை வகைகளும் கூடுகின்றன. ராயல் கரீபியன் 2016இல் தன் பெரிய கப்பல்களில் சூட்களை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்றாகப் பிரித்தது. ஜூனியர் சூட் சீ வகையில் வரும். கோஸ்டல் கிச்சன் என்ற தனி ரெஸ்டாரன்டில் அவர்களுக்கு இரவு உணவு மட்டும்தான். ஸ்கை வகைக்கு மற்ற வேளையும் உண்டு. ஸ்டார் வகைக்கு ஜீனி என்ற தனிப் பணியாளர், பானப் பொதி, டிப்ஸ் எல்லாம் கட்டணத்துக்குள். மூன்றையும் ஏஜென்ட் ஒரே வார்த்தையில் சூட் என்றுதான் சொல்வார். சிங்கப்பூரிலிருந்து ஓடியிருக்கும் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் கப்பலில் இந்தப் பிரிவும் இல்லாமல், கோல்டு, சில்வர் என்று வேறு பிரிவு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "சூட்டுக்கு என்ன சலுகை?" என்பதல்ல. "இந்தக் கப்பலில், இந்த வகைக் குறியீடு உள்ள அறைக்கு, என் பயணத் தேதியில் என்ன சலுகை?" இதில் ஒரு துண்டு விடுபட்டாலும் வரும் பதில் வேறொரு கப்பலுக்கானதாக இருக்கும்.

ரூபாயில் போட்டுப் பார்த்தால்

குடும்பத்தின் கோபம் பெரியது. இழப்பு எவ்வளவு?

மூவருக்கும் பால்கனி அறை எடுத்திருந்தால் ₹1,80,000. சூட் ₹3,90,000. கூடுதலாகக் கொடுத்தது ₹2,10,000. இதற்கு எதிரே சலுகைகளை வைக்கும்போது பலரும் செய்யும் பிழை, கப்பலில் கட்டண ரெஸ்டாரன்டில் ஒரு சாப்பாட்டுக்கு என்ன விலையோ அதை அப்படியே போட்டுவிடுவது. பொது உணவுக் கூடத்தில் சாப்பாடு எல்லாருக்கும் கட்டணத்தில் அடக்கம். சூட் ரெஸ்டாரன்டின் மதிப்பு, அந்தச் சாப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இவர்கள் இரவு உணவுக்குத் தலைக்கு ₹1,500 என்று மதிப்பிட்டார்கள்: 4 இரவு, 3 பேர், ₹18,000. மதிய உணவுக்குத் தலைக்கு ₹800: 3 நாள், 3 பேர், ₹7,200. மாலை லவுஞ்ச் பானம்: சூட்டில் இருந்த மூவரும் குடிப்பவர்கள் இல்லை, பூஜ்யம். முன்னுரிமையாக ஏறி இறங்குவது: அது தேவைப்பட்ட ஒரே ஆள் மூட்டுவலி உள்ள தாத்தா. அவர் சூட்டில் பதிவாகவில்லை, ஆகவே இதுவும் பூஜ்யம்.

மொத்தச் சலுகை ₹25,200. மாற்றத்தால் போனது மதிய உணவின் ₹7,200, அதாவது கூடுதலாகக் கொடுத்ததில் சுமார் 3.4 சதவீதம். மிச்சம் ₹1,84,800 அறையின் பரப்புக்கும் பெரிய பால்கனிக்கும் கொடுத்த விலை. அது கொஞ்சமும் குறையவில்லை.

இந்தக் கணக்கைத்தான் புக்கிங்குக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். நான்கு இரவு தூங்க ஒரு பெரிய அறைக்கு ₹1,84,800 கொடுப்பது உங்களுக்குச் சரியென்றால், எந்தச் சலுகை போனாலும் சூட் நஷ்டமில்லை. சரியில்லை என்றால், எந்தச் சலுகையும் மாறாமல் இருந்திருந்தாலும் அது உங்களுக்கான அறை இல்லை. இந்தக் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது ஆறு பேரும் சேர்ந்து உட்காருவது. அதற்கு அடுத்தடுத்து மூன்று பால்கனி அறை எடுத்து, நடுவில் உள்ள பால்கனித் தடுப்பைத் திறந்துவிடும்படி அறைப் பணியாளரிடம் கேட்டிருக்கலாம். பல கப்பல்களில் திறந்துவிடுவார்கள். ஆனால் எல்லா அறைகளுக்கு நடுவிலும் திறக்கும் தடுப்பு இருக்காது, அறை எண் ஒதுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். கூடவே ஒரு இரவு கட்டண ரெஸ்டாரன்டில் ஆறு பேருக்கும் மேசை பிடித்திருந்தால், மிச்சமான பணத்தில் ஒரு சிறு பகுதிதான் செலவாகியிருக்கும்.

பெயரும் முகவரியும்: மாமாவின் படி எங்கே போனது

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு மாமாவின் கணக்கைத் திறந்து பார்த்தபோது அவர் இரண்டு படி கீழே இருந்தார். நிறுவனம் குறைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. அவருக்கு இரண்டு உறுப்பினர் எண்கள் இருந்தன. ஐரோப்பிய புக்கிங்குகள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரில். இந்தியாவிலிருந்து போட்ட இரண்டு பழைய பயணங்கள், அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து, பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். ஏஜென்ட் புதிய புக்கிங்கில் ஏற்றியது புள்ளி குறைந்த எண்ணை.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். புதுச்சேரியில் 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போய்க் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட ரெனோன்சான் வழிவந்தவர்களுக்கு ஒரு பெயர் முறை. அதே வீட்டில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இனிஷியல் முறை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு ஏஜென்ட் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை விரித்துப் போடுவார். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு புது உறுப்பினர் எண் பிறக்கும், புள்ளிகள் சிதறும்.

சரிசெய்ய வழி உண்டு. இரண்டு உறுப்பினர் எண்கள், பாஸ்போர்ட் முதல் பக்கம், பழைய பயணங்களின் புக்கிங் எண்களும் தேதிகளும் கப்பல் பெயரும், இவற்றை இணைத்து லாயல்டிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கணக்குகளை ஒன்றாக்கச் சொல்ல வேண்டும். பழைய இன்வாய்ஸ் இல்லையென்றால் கார்டு ஸ்டேட்மென்டும் பாஸ்போர்ட் முத்திரைகளும் தேதியைக் காட்ட உதவும். பதில் வரச் சில வாரம் ஆகலாம், ஆகவே மீதிப் பணம் கட்டும் கெடுவுக்கு முன்பே தொடங்க வேண்டும். அந்தக் கெடு பொதுவாகப் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பு வரும். மாமாவின் கணக்கு பயணத்துக்கு முன்பே ஒன்றாகிவிட்டது.

படி திரும்பியும், மாமாவின் அக்காவான பாட்டிக்கு அது உதவவில்லை. ஒரே முகவரியில் வாழும் கணவன் மனைவிக்கும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும்தான் ஒருவரின் படி மற்றவருக்குச் செல்லும் என்பது இந்தத் திட்டங்களின் வழக்கமான விதி. கடலூரில் இருக்கும் அக்கா, அக்கா மகன் எல்லாரும் நமக்குக் குடும்பம். திட்டத்தின் கணக்கில் அவர்கள் வேறு வீடு.

இரட்டைப் புள்ளிக்காக சூட் எடுக்கலாமா

சூட்டுக்கு ஆதரவாக ஏஜென்ட் சொன்ன இன்னொரு காரணம் இரட்டைப் புள்ளி. உண்மைதான். ராயல் கரீபியனில் இரவுக்கு 1 புள்ளி, ஜூனியர் சூட்டும் அதற்கு மேலும் என்றால் 2. டயமண்டுக்கு 80, டயமண்ட் பிளஸ்ஸுக்கு 175, பினக்கிளுக்கு 700. வருடத்துக்கு ஒரு 4 இரவுப் பயணம் போகும் குடும்பம் சூட்டில் போனால் டயமண்டுக்கு 10 வருடம், பால்கனியில் போனால் 20 வருடம். பள்ளி விடுமுறைக்கு மட்டும் சிங்கப்பூர் போகும் குடும்பத்துக்கு இந்த ஓட்டம் எட்டாத தூரம்.

தூரத்தைவிடப் பெரிய பிரச்சினை, எல்லைக்கோடே நகர்வது. கார்னிவல் என்ற இன்னொரு க்ரூஸ் நிறுவனம் 2025 ஜூனில், தன் பழைய விஐஎஃப்பி லாயல்டித் திட்டத்தை மூடி, இரவுகளை எண்ணுவதை விட்டு, செலவழித்த பணத்தை எண்ணும் புதிய திட்டத்தை 2026இல் கொண்டுவருவதாக அறிவித்தது. படியும் நிரந்தரமில்லை, இரண்டு வருட அளவில் சம்பாதித்துக் காக்க வேண்டும். மலிவான உள்ளறையில் பல இரவு போய் மேலே வந்தவர்களை அது நேராகத் தாக்குகிறது. எம்எஸ்சி க்ரூஸ் நிறுவனத்தின் வாயேஜர்ஸ் கிளப் திட்டத்தில் மூன்று வருடம் பயணமே போகாவிட்டால் உறுப்பினர் நிலை காலாவதியாகிவிடும். நிறுவனமே போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஆசியாவில் உதாரணம் இருக்கிறது. ட்ரீம் க்ரூசஸை நடத்திய கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதன் கெந்திங் ட்ரீம் கப்பல் 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் க்ரூசஸ் என்ற புதிய பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. தி பேலஸ் என்ற சூட் பகுதியும் அதே கப்பலில் தொடர்ந்தது. கப்பலும் சூட்டும் மிஞ்சின, பழைய நிறுவனம் மிஞ்சவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ மூன்றும் ஒரே குழுமம் என்பதால் ஒன்றில் உள்ள படியை மற்றதிலும் ஒப்புக்கொள்கின்றன. மாமாவைப் போல ஐரோப்பாவில் போய்வந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. சிலவற்றில் நாமே கணக்கை இணைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

எங்கள் கருத்து: புள்ளிக்காக அறையை உயர்த்த வேண்டாம். அறைக்காக அறையை எடுங்கள், புள்ளி வந்தால் வரட்டும்.

கப்பலில்

முதல் நாள் மதியம் சூட் ரெஸ்டாரன்ட் மூடியிருந்தது. மனைவி பழைய பட்டியலின் பிரதியை எடுத்துக்கொண்டு சூட் கன்சியர்ஜிடம் (சூட் பயணிகளுக்கான உதவிப் பணியாளர்) போனார். போன நாள் சரியானது. கப்பலில் கணக்கு கடைசி இரவு மூடப்படும்; அதற்கு முன்பு கேட்டால் பணியாளருக்கே சிறு ஈடுகள் தரும் அதிகாரம் இருக்கும். ஊர் திரும்பிய பிறகு எழுதினால் பதில், "விதிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்ற ஒரே வரிதான். அந்த வரி டிக்கெட் ஒப்பந்தத்தில் நிஜமாகவே இருக்கும். இவர்கள் பணம் கேட்கவில்லை, "ஆறு பேரும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட ஏற்பாடு வேண்டும்" என்று குறிப்பாகக் கேட்டார்கள். இரண்டாம் நாள் மதியம் ஒரு கட்டண ரெஸ்டாரன்டில் ஆறு பேருக்கும் இலவசமாக மேசை கிடைத்தது. "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒரு தட்டுப் பழம் வந்திருக்கும்.

பாட்டி சைவம். சூட் ரெஸ்டாரன்டின் பட்டியல் சிறியது. பொதுக் கூடத்தில்தான் இந்திய சைவச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்தது. உணவுக் குறிப்பை ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாக முன்கூட்டியே புக்கிங்கில் ஏற்ற வேண்டும். ஒரு அறையில் ஏற்றினால் மற்ற அறைக்குப் போகாது.

தாத்தாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை மருமகள் பயணத்துக்கு முன்பே சிறப்புத் தேவைப் படிவத்தில் கேட்டு வைத்திருந்தார். இதற்கு சூட்டும் வேண்டாம், படியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. சூட்டின் முன்னுரிமை வரிசையிலிருந்து அவருக்கு எது வேண்டுமென்று நினைத்தார்களோ, அது வேறு கதவு வழியாக ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

முன்னுரிமை உண்மையில் காசு பெறும் இடம் ஒன்று உண்டு. கப்பல் துறைமுகத்தில் கட்டாமல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்கு ஏற்றிச் செல்லும் நிறுத்தங்கள். சென்னையிலிருந்து கிளம்பிய எம்ப்ரஸ் என்ற க்ரூஸ் கப்பல் 2022 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். அப்படிப்பட்ட நிறுத்தத்தில் முதல் படகில் இடம் கிடைப்பவருக்கும் கடைசிப் படகில் போகிறவருக்கும் கரையில் இருக்கும் நேரம் மணிக்கணக்கில் மாறும். உங்கள் பயணத்தில் படகு நிறுத்தம் இருந்தால் இந்தச் சலுகைக்கு நல்ல மதிப்புப் போடுங்கள். இந்தக் குடும்பத்தின் பயணத்தில் எல்லாமே துறைமுகத்தில் கட்டிய நிறுத்தங்கள்.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

சலுகைகள் மூன்று தரம். கன்ஃபர்மேஷனில் உங்கள் பெயருக்கு நேராக அச்சாகி இருப்பவை (ஆன்போர்டு கிரெடிட் என்ற கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை, பானப் பொதி, டிப்ஸ் அடக்கம் போன்றவை) ஒரு தரம். இவற்றை நிறுவனம் எளிதில் பறிக்காது, பறித்தால் கேட்க உங்களிடம் சீட்டு இருக்கிறது. அறை வகைக்குப் பொதுவில் அறிவித்தவை அடுத்தது. இவை பயணத் தேதிக்குச் சொந்தம், புக்கிங் தேதிக்கு இல்லை. லாயல்டி சலுகைகள் கடைசி. அவை பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம்.

ஆகவே புக்கிங் அன்றே சலுகைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை, "இந்த அறை எண், இந்த ஆட்கள், இந்த ரெஸ்டாரன்ட், எந்தெந்த வேளை" என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கட்டும் கெடுவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு பட்டியலை மறுபடி ஒப்பிடுங்கள். அறையை மாற்றவோ விலையைத் திருத்தவோ அதுவே கடைசி நல்ல வாய்ப்பு. முன்பணம் திரும்பாத கட்டண வகையா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். விலை குறைந்ததென்று மறுவிலை போடும்போது கவனம்: பழைய விலையோடு வந்த ஆன்போர்டு கிரெடிட் போன்றவை பெரும்பாலும் அதோடு போய்விடும். இந்தக் குடும்பம் ஐந்து மாதம் முன்பே அறிவிப்பு வந்தும் கெடு நாளில் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால் சூட்டைப் பால்கனியாக இறக்கியிருக்கலாம்.

தகராறு முற்றினால், ஏஜென்ட்டின் எழுத்துபூர்வ வாக்கே வலுவான பிடி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். அச்சான சலுகை போனால் இந்த வழி பொருந்தும். லவுஞ்ச் வவுச்சராக மாறியதற்கு இந்த வழியில் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

குடும்பம் மனு போடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்த இரண்டு வரியைக் காட்டியதும் ஏஜென்ட் தன் சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த டிசம்பருக்கு மூன்று பால்கனி அறை கேட்டிருக்கிறார்கள், நடுத்தடுப்பு திறக்கும் அறை எண்களாக. மாமாவின் பெயர் இந்த முறை பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒரே உறுப்பினர் எண்ணோடு.